பெண்ணுக்குக் கற்றுத்தருவது பழி போடுவதா?

அன்புள்ள சார்,

கல்லூரிப் பெண்களுக்குப் பாலியல் வன்முறையை எதிர்க்கக் கற்றுத்தரும் கனடியப் பயிற்சியைப் பாராட்டி எழுதியிருந்தீர்கள். கோபம்தான் வந்தது. தப்பு செய்பவன் ஆண், பயிற்சி மட்டும் பெண்ணுக்கா? நாளைக்கு ஒருத்திக்கு ஏதாவது நடந்தால் ‘நீ ஏன் எதிர்க்கவில்லை’ என்றல்லவா கேட்பார்கள்? எங்கள் கல்லூரியில் ஆண், பெண் எல்லோருக்கும் வருடம் ஒருமுறை ஒரு மணி நேர விழிப்புணர்வு உரை நடத்துகிறோம். எனக்கு அதுதான் நியாயமாகப் படுகிறது.

தேவகி

அன்புள்ள தேவகி,

உங்கள் கோபம் புரிகிறது. ‘இருட்டில் போகாதே, ஒழுங்காக உடுத்து’ என்று சொல்லிச் சொல்லியே பழியைப் பெண் தலையில் கட்டியவர்கள் நாம். ஆனால் விண்ட்ஸர் பல்கலைக்கழக உளவியலாளர் சார்லீன் சென் உருவாக்கிய பயிற்சி அந்த ரகம் இல்லை.

அதில் பேசப்படுபவன் பெரும்பாலும் தெரிந்தவன். கூடப் படிப்பவன், தோழியின் அண்ணன், காதலன். மூன்று மணி நேரம் வீதம் நான்கு அமர்வுகள். எனக்கு முக்கியமாகப் படுவது இரண்டாவது. ஒரு பெண் ஒருவனோடு தனியாக இருக்கிறாள். வேண்டாம் என்று சொல்லியும் அவன் காதில் வாங்கவில்லை. வயிற்றைப் பிசைகிறது. ஆனாலும் ‘சேச்சே, நல்ல பையன், நாம்தான் தப்பாக நினைக்கிறோமோ, கத்தினால் அசிங்கமாகிவிடுமே’ என்று மனம் தடுக்கிறது. யார் மனதையும் நோகடிக்காதே என்று சொல்லி வளர்த்த வளர்ப்பு அது. தப்பிக்கக்கூடிய நேரம் அந்தத் தயக்கத்திலேயே போய்விடுகிறது. அதைத் தாண்டுவது எப்படி என்று அங்கே உட்கார்ந்து பேசுகிறார்கள். அப்புறம்தான் சத்தம் போடவும் உடலால் எதிர்க்கவும் பயிற்சி.

மூன்று பல்கலைக்கழகங்களில் 893 முதலாண்டு மாணவிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பாதிக்கு இந்தப் பயிற்சியும் மறுபாதிக்கு வழக்கமான துண்டுப் பிரசுரங்களும் கொடுத்தார்கள். ஓராண்டுக்குள் வல்லுறவுக்கு ஆளானவர்கள் பிரசுரக் குழுவில் 9.8 சதவீதம், பயிற்சிக் குழுவில் 5.2 சதவீதம். முடிவுகள் 2015ல் வெளிவந்தன. அந்த 5.2 சதவீதத்தையும் மறக்கக் கூடாது. பயிற்சி எடுத்தும் அவர்களுக்கு அது நடந்தது. குற்றம் செய்தவன்மேல்தான் முழுப் பொறுப்பும் என்பது அந்தப் பாடத்தின் அடிப்படை. நீங்கள் பயப்படுவதற்கு மாறாக, பயிற்சி எடுத்தவர்களிடம் பெண்ணைக் குறைசொல்லும் எண்ணம் குறைந்தது.

ஆண்களை மாற்ற வேண்டாமா? கட்டாயம் வேண்டும். ஆனால் ஒரு மணி நேர உரையால் அது நடக்காது. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் ஆய்வாளர்கள் 2014ல், பாலியல் வன்முறையைத் தடுக்கும் திட்டங்கள் பலன் தந்தனவா என்று பார்த்த 140 மதிப்பீடுகளை அலசினார்கள். ஒரே அமர்வில் முடிந்துவிடும் விழிப்புணர்வு நிகழ்ச்சிகள் எதுவும் நடத்தையில் நீடித்த மாற்றத்தைக் கொண்டுவந்ததாகத் தெரியவில்லை. பலன் தந்த மிகச் சிலவற்றில் ஒன்று நியூயார்க் நடுநிலைப் பள்ளிகளில் நடந்தது. தங்கள் பள்ளியில் எந்த இடம் பாதுகாப்பு, எங்கே பயம் என்று மாணவர்களே வரைபடத்தில் குறித்தார்கள். பயமுள்ள இடங்களில் பெரியவர்களின் கண்காணிப்பு கூடியது. வகுப்புப் பாடம் மட்டும் நடந்த பள்ளிகளில் அந்தப் பலன் இல்லை.

அடுத்த முறை பேச்சாளரை அழைப்பதற்குப் பதிலாக, உங்கள் கல்லூரி வரைபடத்தை மாணவிகளிடம் கொடுத்துப் பாருங்கள். அவர்கள் குறிக்கும் இடங்களைப் பற்றி நிர்வாகத்திடம் நீங்களே போய்ப் பேசுங்கள்.