ஸ்டேஷன் வாசலில் நிற்கும் முன்: வாசகர் கேள்விகள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதியில் தேதி இல்லை, சி.எஸ்.ஆர். எண்ணும் (புகார் கொடுத்ததற்கு ஸ்டேஷனில் தரும் ரசீதின் எண்) இல்லை. அவற்றையெல்லாம் ஒதுக்கிவிட்டேன், ஒன்றைத் தவிர. அது எதற்கு என்பது படித்தால் தெரியும்.

பக்கத்து வீட்டுக்காரர் கட்டையால் அடித்ததில் தம்பிக்குக் கை எலும்பு முறிந்துவிட்டது. “முதலில் விசாரிக்கிறோம், 14 நாள் ஆகும், அப்புறம்தான் எஃப்.ஐ.ஆர்.” என்கிறார்கள். புதுச் சட்டத்தில் அப்படி இருக்கிறதா?
*சு.மா., திண்டுக்கல்*

இருக்கிறது, ஆனால் உங்களுக்கு இல்லை. பி.என்.எஸ்.எஸ். (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் வந்த புதுச் சட்டம்) 173(3) சொல்லும் 14 நாள் முதற்கட்ட விசாரணை, மூன்று ஆண்டு முதல் ஏழு ஆண்டுக்குக் கீழ் வரை தண்டனை உள்ள குற்றங்களுக்கு. அதற்கும் டி.எஸ்.பி.யின் அனுமதி வேண்டும். எலும்பு முறிவு கொடுங்காயம், தண்டனை ஏழு ஆண்டு வரை. ஏழுக்குக் கீழ் என்றால் ஏழு சேராது. உடனே பதிய வேண்டிய வழக்கு இது. இப்படிப்பட்ட புகாரில் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும் என்று லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு 2013-லேயே வந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் ஏ.ஆர். காப்பி (காயத்தைக் குறித்த விபத்துப் பதிவேட்டின் நகல்) வாங்கி, புகாரோடு சேர்த்து எஸ்.பி.க்கு ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புங்கள் (பதிவுத் தபாலை 2025-ல் இதோடு இணைத்துவிட்டார்கள்). அங்கும் அசையவில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் மனு போடலாம். எஸ்.பி.க்கு எழுதாமல் நேராகக் கோர்ட்டுக்குப் போனால் திருப்பி அனுப்புவார்கள். நகல் உங்கள் கையில் இருக்கட்டும்.

67 வயது அம்மாவைச் சாட்சி சொல்ல ஸ்டேஷனுக்கு வரச் சொல்லிப் போனில் கூப்பிடுகிறார்கள். போக வேண்டுமா?
*வாசகி, கும்பகோணம்*

வேண்டாம். பெண் என்பதே போதும், வயதைப் பார்க்கவே வேண்டாம். பி.என்.எஸ்.எஸ். 179-ன்படி வீட்டுக்கு வந்துதான் விசாரிக்க வேண்டும். சாட்சியை அழைக்கும் உத்தரவும் எழுத்தில் இருக்க வேண்டும், போன் செல்லாது.

புகார் கொடுத்தேன். நடவடிக்கை இல்லை. என்ன செய்யலாம்?
*பெயர், ஊர் இல்லை*

என்ன புகார்? எந்த ஸ்டேஷன்? எப்போது? ரசீது வாங்கினீர்களா? ஒரு வரிக் கடிதத்துக்கு ஒரு வரிப் பதில்தான்: மறுபடி போய் எழுத்தில் கொடுத்து, சி.எஸ்.ஆர். ரசீது வாங்கிக்கொண்டு, அப்புறம் எனக்கு எழுதுங்கள். வாயால் சொல்லிவிட்டு வந்த புகார், புகாரே இல்லை என்று ஆகிவிடும்.

‘ஃபிரெண்ட்ஸ் ஆஃப் போலீஸ்’ அடையாள அட்டையோடு ஒருவர் எங்கள் தெருவில் வண்டிகளை நிறுத்தி ஆர்.சி. கேட்கிறார்.
*ஜெ., தென்காசி*

போலீஸுக்கு உதவ 1993-ல் ராமநாதபுரத்தில் தொடங்கிய தன்னார்வலர் அமைப்பு அது. சாத்தான்குளத்தில் போலீஸ் அடித்துத் தந்தையும் மகனும் இறந்ததற்குப் பிறகு, 2020 ஜூலையில், தமிழ்நாட்டில் தடை செய்துவிட்டார்கள். அட்டைக்கு மதிப்பில்லை. தடைக்கு முன்பும் வண்டியை நிறுத்தும் அதிகாரம் அவர்களுக்குக் கிடையாது. 112-ஐக் கூப்பிடுங்கள்.

ஸ்டேஷனில் என்னை அடித்தது கேமராவில் இருக்கும். பதிவைக் கேட்டு வாங்க முடியுமா?
*பெயர் வேண்டாம், விருதுநகர்*

கேட்பது இரண்டாவது வேலை. அழிக்காதீர்கள் என்று எழுதிக் கொடுப்பது முதல் வேலை. 2020 டிசம்பரில் பரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இது: லாக்கப், வராண்டா, இன்ஸ்பெக்டர் அறை என்று எல்லா இடத்திலும் கேமரா வேண்டும், குரலும் பதிவாக வேண்டும், பதிவை 18 மாதம் வைத்திருக்க வேண்டும். அதே ஆண்டு சாத்தான்குளத்தில் என்ன நடந்தது? ஹார்டு டிஸ்க்கில் இடம் தாராளமாக இருந்தும், அன்றன்றைய பதிவு தானாக அழியும்படி வைத்திருந்ததாக விசாரித்த மாஜிஸ்திரேட் எழுதினார். அதனால் நாள், நேரம், எந்த அறை என்று குறித்து, பதிவைப் பாதுகாக்கச் சொல்லி எஸ்.பி.க்கும் கலெக்டருக்கும் இன்றே ஸ்பீட் போஸ்ட். ஒப்புகையைப் பத்திரப்படுத்துங்கள். நாளை “கேமரா பழுது” என்று சொன்னால் அந்த ஒப்புகைதான் பேசும்.

நிலத் தகராறில் எஸ்.ஐ. எதிர்த்தரப்புக்காகக் கட்டப்பஞ்சாயத்து பேசி, வெற்றுத்தாளில் என்னிடம் கையெழுத்து வாங்கிவிட்டார். போலீஸ் மீதான புகாரை விசாரிக்க மாவட்டத்தில் தனி ஆணையமே இருக்கிறதாமே?
*கோ.ரா., திருவண்ணாமலை*

இருக்கிறது. மாவட்டக் காவல் புகார் ஆணையம். தலைவர் யார் தெரியுமா? கலெக்டர். உறுப்பினர்கள் எஸ்.பி.யும் கூடுதல் எஸ்.பி.யும். உங்கள் எஸ்.ஐ.யின் மேலதிகாரிகள் இருவர் உட்கார்ந்து உங்கள் எஸ்.ஐ.யை விசாரிப்பார்கள்.

இதைப் பற்றி நான் எழுதுவது எத்தனையாவது தடவையோ. 2006 செப்டம்பரில் பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏழு கட்டளைகள் போட்டது. அதில் ஒன்று இந்த ஆணையம். மாவட்டத்தில் ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதி தலைவர், மாநிலத்தில் ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற அல்லது உச்ச நீதிமன்ற நீதிபதி தலைவர் என்று தெளிவாகவே சொன்னார்கள். நம் மாநிலம் ஏழு வருடம் கழித்து, 2013-ல், ஒரு சீர்திருத்தச் சட்டம் கொண்டுவந்தது. பெயரில் சீர்திருத்தம் இருந்தது, ஆணையத்தில் நீதிபதி இல்லை. மாநில அளவில் உள்துறைச் செயலாளர் தலைவர், கூட டி.ஜி.பி.யும் ஒரு ஏ.டி.ஜி.பி.யும். அந்தச் சட்டப்படி ஆணையத்தை அமைக்க அரசாணை வரவே 2019 ஆகிவிட்டது. பக்கத்துக் கேரளத்தில் 2011 சட்டத்திலேயே ஓய்வுபெற்ற நீதிபதிகளைத் தலைவராகப் போட்டுவிட்டார்கள். அங்கே எல்லாம் ஒழுங்கு என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் மனு கொடுப்பவன் ஒரு நீதிபதியின் முகத்தையாவது பார்க்கிறான்.

என்னிடம் வழக்குக்கு வந்த ஒரு கட்சிக்காரருக்காக நான் இந்த ஆணையத்துக்கு எழுதிக் கொடுத்த மனு, மூன்று மாதம் சுற்றிவிட்டு, விசாரணைக்காக அதே சப்-டிவிஷன் டி.எஸ்.பி.யிடம் வந்து நின்றது. அவர் அதை இன்ஸ்பெக்டருக்குத் தள்ளினார். கடைசியில் என் கட்சிக்காரரை விசாரணைக்கு அழைத்தது யாரைப் பற்றிப் புகார் கொடுத்தோமோ அவரேதான். மரியாதையாகத்தான் பேசினார், டீ கூட வாங்கிக் கொடுத்தாராம்.

சரி, நீங்கள் செய்ய வேண்டியது. அந்த ஆணையத்துக்கும் மனு போடுங்கள். தீர்வு வரும் என்பதற்காக இல்லை, தேதியோடு ஒரு காகிதம் கிடைக்கும் என்பதற்காக. வெற்றுத்தாளில் மிரட்டிக் கையெழுத்து வாங்கினார்கள் என்று எஸ்.பி.க்குத் தனியாக இந்த வாரமே ஸ்பீட் போஸ்ட். அந்தத் தாளில் பிறகு எதை நிரப்பினாலும் உங்கள் கடிதம் முந்திக்கொள்ளும். நிலம் யாருடையது என்பது சிவில் கோர்ட் வேலை, எஸ்.ஐ. வேலை இல்லை.

மூன்று வருடம் முன் நடந்த அடிக்கு இப்போது மனித உரிமை ஆணையத்தில் புகார் கொடுக்கலாமா? அவர்கள் சொல்வது வெறும் பரிந்துரைதானே?
*பா., சேலம்*

சம்பவம் நடந்து ஒரு வருடத்துக்குள் போயிருக்க வேண்டும். இப்போது தாமதம். மாஜிஸ்திரேட்டிடம் தனிப்புகார் முடியுமா என்று உள்ளூர் வக்கீலைப் பாருங்கள், காகிதங்களோடு.

இரண்டாவது கேள்விக்கு: 2021-ல் சென்னை உயர் நீதிமன்ற முழு அமர்வு, ஆணையத்தின் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தும் என்று சொல்லிவிட்டது. “வெறும்” என்ற சொல்லை எடுத்துவிடுங்கள்.

இரவில் வழிப்பறி அதிகம். கிராம சபையில் தீர்மானம் போட்டு போலீஸ் ரோந்தைக் கட்டாயமாக்கலாமா?
*ஊராட்சி வார்டு உறுப்பினர், பெரம்பலூர் மாவட்டம்*

கட்டாயமாக்க முடியாது. காவல்துறை மாநில அரசின் கையில், ஊராட்சிக்கு அதிகாரம் இல்லை. கோரிக்கையாகத் தீர்மானம் போட்டு எஸ்.பி.க்கும் கலெக்டருக்கும் அனுப்பலாம். வழிப்பறி நடந்த தேதி, இடம், சி.எஸ்.ஆர். எண் எல்லாம் அதில் இருக்கட்டும், “அதிகம்” என்று எழுதினால் யாரும் அசைய மாட்டார்கள். பஸ் நிறுத்தத்திலிருந்து காலனி வரை எட்டு மாதமாக விளக்கு எரியவில்லை என்று கடிதத்தின் கடைசியில் எழுதியிருக்கிறீர்கள். தெருவிளக்கு உங்கள் ஊராட்சியின் வேலை, ஐயா.