டென்னிஸ் டிக்கெட்: மேற்குப் பக்கம் கிடைக்குமா?

கேள்வி: ஜனவரியில் குடும்பத்தோடு மெல்பர்ன் போகிறோம். ஆஸ்திரேலிய ஓப்பன் ஒரு நாள் பார்க்க ஆசை. எழுபது வயது மாமியாரும் வருகிறார். ராட் லேவர் அரங்கில் கோர்ட்டை ஒட்டிய இருக்கை வாங்கலாமா, கிரவுண்ட் பாஸே (இருக்கை எண் இல்லாத நுழைவுச் சீட்டு) போதுமா? வெயிலை நினைத்தால்தான் பயம்.

பதில்: மாமியார் வருவதால் இருக்கை எண் உள்ள டிக்கெட்டே வாங்குங்கள். கிரவுண்ட் பாஸ் என்றால் வெளிக் கோர்ட்டுகளில் இடம் தேடி அலைய வேண்டும். நல்ல ஆட்டம் நடக்கும் கோர்ட்டில் வரிசையிலும் நிற்க வேண்டும். இளைஞர்கள் மட்டும் போவதானால், முதல் வாரத்துக்கு அதைவிட லாபமான டிக்கெட் கிடையாது.

ஆனால் கோர்ட்டை ஒட்டிய வரிசைக்குக் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள். பகல் ஆட்டத்தில் அதிக நேரம் வெயில் காய்வது பெரும்பாலும் கீழ்வரிசைகள்தான். மேல்வரிசைக்குக் கூரை விளிம்பின் நிழலாவது விழும். இன்னொன்று: ஆடுபவர் கண்ணில் வெயில் அடிக்காதிருக்க டென்னிஸ் கோர்ட்டைப் பொதுவாக வடக்கு தெற்காகப் போடுவார்கள். அதனால் பிற்பகலில் மேற்குப் பக்கம் உட்கார்ந்தவருக்குச் சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும். கிழக்குப் பக்கத்தவருக்கோ முகத்துக்கு நேரே. அங்கே ஜனவரி நண்பகலில் சூரியன் வடக்கே சாய்ந்திருப்பதால் வடக்கு ஸ்டாண்டும் பரவாயில்லை. பணம் கட்டும் முன் இருக்கை வரைபடத்தில் திசை பாருங்கள். எனக்குக் கேட்டால், நிழலில் இருபதாவது வரிசை வெயிலில் இரண்டாவது வரிசையைவிட மேல்.

2014-ல் அங்கே தொடர்ந்து நான்கு நாள் 40 டிகிரிக்கு மேல் அடித்தது. 2019 முதல் 1 முதல் 5 வரை ஒரு வெப்ப அளவுகோல் வைத்திருக்கிறார்கள். அது 5-ஐத் தொட்டால் வெளிக் கோர்ட்டுகளில் ஆட்டம் நின்றுவிடும். ராட் லேவர், மார்கரெட் கோர்ட், ஜான் கெயின் ஆகிய மூன்று அரங்கங்களுக்கும் மூடும் கூரை உண்டு. அங்கே கூரையை மூடிக்கொண்டு ஆடுவார்கள். கொளுத்தும் நாளில் கிரவுண்ட் பாஸ் வைத்திருப்பவர் கையைப் பிசைந்துகொண்டு நிற்பது இதனால்தான். மாமியாருக்கு வெயில் அறவே ஆகாது என்றால் இரவு ஆட்டத்துக்கு வாங்கிவிடுங்கள்.

கேள்வி: டிக்கெட் தீர்ந்துவிட்டது என்கிறார்கள். மறுவிற்பனைத் தளம் ஒன்றில் இருக்கிறது, விலை இரண்டு மடங்கு. வாங்கலாமா?

பதில்: வேண்டாம். விக்டோரியா மாநிலச் சட்டப்படி இந்தப் போட்டியின் டிக்கெட்டை அச்சிட்ட விலைக்கு மேல் 10 சதவீதத்துக்கு அதிகமாக வைத்து மறுபடி விற்பதே குற்றம். வாசலில் அது செல்லாமல் போனால் நஷ்டம் உங்களுக்கு. போட்டியின் அதிகாரபூர்வ மறுவிற்பனைப் பக்கத்தை அவ்வப்போது பாருங்கள். வர முடியாதவர்கள் கடைசி நாட்களில் அதில்தான் போடுகிறார்கள்.

கேள்வி: வெயிலுக்கு என்னென்ன வாங்கிப் போக வேண்டும்?

பதில்: முதலில் தொப்பி. சுற்றிலும் அகல விளிம்பு இருக்கட்டும். கிரிக்கெட் தொப்பி காதையும் பிடரியையும் காப்பதில்லை. குடையை நம்பாதீர்கள், ஆட்டம் நடக்கும்போது விரித்தால் பின்னால் இருப்பவர் சும்மா விடமாட்டார்.

சன்ஸ்கிரீனில் எஸ்பிஎஃப் (வெயில் காப்பு எண்) 30 சுமார் 97 சதவீதப் புற ஊதா-பி கதிரைத் தடுக்கும், 50 சுமார் 98. அந்த ஒரு சதவீதத்துக்காக அதிக விலை கொடுப்பதைவிட இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி பூச இன்னொரு டியூப் வாங்கலாம். விமானத்தில் கைப்பையில் கொண்டுபோவதானால் 100 மில்லிக்கு மிகாத டியூப்.

டிக்கெட் கைபேசியில் இருக்கும். வெயிலில் மடியில் வைத்தால் கைபேசி சூடேறித் திரை மங்கும், சில சமயம் அணைந்தே போகும். துணிப்பைக்குள் போட்டு வையுங்கள். பவர் பேங்க் எடுத்துப் போனால் விமானத்தில் அது கைப்பையில்தான் இருக்க வேண்டும், செக்-இன் பெட்டியில் அனுமதி இல்லை. தண்ணீருக்குக் கண்ணாடி பாட்டில் வேண்டாம், வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள்.