வாசகர் கேள்வி – பதில்: ஒரே ஒரு ஆட்டம், முப்பதாண்டு இடைவெளி

கே: பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறைப் போட்டித் தொடரான என்.எஃப்.எல்.லைத் தொலைக்காட்சியில் நேரடி வர்ணனை செய்த முதல் பெண், ஒரு செய்தி வாசிப்பாளராமே?

ப: ஆமாம், கெய்ல் சீரன்ஸ். ஃபுளோரிடாவில் டாம்பா நகரத்துக்காரர். 1977இல் உள்ளூர்த் தொலைக்காட்சி நிலையத்தில் வார இறுதி விளையாட்டுச் செய்தி வாசிக்கச் சேர்ந்தவர், 1985இல் பொதுச் செய்திக்கு மாறிவிட்டார். அதன் பிறகுதான் அந்த வாய்ப்பு வந்தது. 1987 டிசம்பர் 27, கான்சாஸ் சிட்டியின் ஏரோஹெட் மைதானம். சீஃப்ஸ் அணி சியாட்டில் சீஹாக்ஸை 41-20 என்று வென்ற ஆட்டத்தை என்.பி.சி. தொலைக்காட்சிக்காக வர்ணித்தார். நுட்பங்களை விளக்கப் பக்கத்தில் முன்னாள் வீரர் டேவ் ரோ. 1975லேயே ஃபிலிஸ் ஜார்ஜ் என்ற பெண் சி.பி.எஸ். தொலைக்காட்சியின் படப்பிடிப்பு அரங்கில் அமர்ந்து கால்பந்து நிகழ்ச்சி நடத்தினார். ஆனால் அது அரங்க வேலை. களத்தில் பந்து ஓட ஓட, அதற்கு ஈடுகொடுத்துப் பேசுவது வேறு.

கே: அதில் அப்படி என்ன கஷ்டம்?

ப: களத்தில் 22 பேர். தலைக்கவசத்தில் முகம் தெரியாது, சட்டை எண்தான் அடையாளம். அதனால் வர்ணனையாளர் முன்னால் ஓர் அட்டை இருக்கும்: ஒவ்வொரு இடத்துக்கும் ஆடுபவரின் எண், பெயர், அதன் கீழே மாற்று வீரர். பக்கத்தில் ஓர் உதவியாளர், பந்தைப் பிடித்தவர் யார், அவரை மடக்கி வீழ்த்தியவர் யார் என்று அட்டையில் விரல் வைத்துக் காட்டுவார்.

சொல்லும் வரிசையும் உண்டு. பந்து வைத்திருக்கும் அணி நான்கு முயற்சிக்குள் பத்து யார்டு முன்னேற வேண்டும்; இது எத்தனையாவது முயற்சி, இன்னும் எத்தனை யார்டு வேண்டும் என்பதைப் பந்து தரையிலிருந்து எழும் முன்பே சொல்லி முடிக்க வேண்டும். பிறகு பந்து யாரிடம், எந்த யார்டு கோட்டில் நின்றது, யார் மடக்கினார். பலர் சறுக்குவது பெயரில்தான். விழுந்து கிடக்கும் வீரர்களின் குவியலுக்குள் எண் மறைந்திருக்கும்போது அவசரப்பட்டுப் பெயர் சொன்னால், மறுஒளிபரப்பு காட்டிக் கொடுத்துவிடும். யார்டு கோட்டை முதலில் சொல்லி, ஆள் எழுந்ததும் பெயரைச் சொல்வது பாதுகாப்பு. நடுவர் கொடி வீசினால் கொடி விழுந்ததை மட்டும் சொல்லலாம். குற்றம் என்ன என்று ஊகிக்கக் கூடாது, நடுவரே ஒலிவாங்கியில் அறிவிப்பார். வானொலிப் பழக்கத்தில், பார்ப்பவர் கண்ணுக்கே தெரிவதையெல்லாம் தொலைக்காட்சியிலும் விவரிப்பது இன்னொரு தொல்லை. சீரன்ஸுக்குப் பயிற்சி கொடுத்தவர் பழுத்த வர்ணனையாளர் மார்ட்டி கிளிக்மன்.

கே: பிறகு ஏன் அவர் குரல் கேட்கவில்லை?

ப: குரலில் குறையில்லை. அடுத்த பருவத்துக்கு ஆறு ஆட்டங்கள் தர என்.பி.சி. தயாராகவே இருந்தது. சம்பளம் கொடுத்த டாம்பா நிலையம்தான், செய்தியா வர்ணனையா, ஒன்றைத் தேர்ந்தெடு என்றது. அவர் செய்தியைத் தேர்ந்தெடுத்தார். 2015 வரை அங்கேயே வாசித்தார். என்.எஃப்.எல். பருவ ஆட்டம் ஒன்றை அடுத்து ஒரு பெண் தொலைக்காட்சியில் வர்ணித்தது 2017 செப்டம்பர் 11 அன்று: ஈ.எஸ்.பி.என். விளையாட்டு அலைவரிசையில் பெத் மோவின்ஸ், சார்ஜர்ஸ் – பிராங்கோஸ் ஆட்டம்.