படத்தின் கீழே ஒரு பெயர்

வணக்கம் ஐயா,

கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்களுக்காக நம் ஓவியர்கள் வரைந்த தஞ்சாவூர்ப் படங்களை ஒரு புத்தகத்தில் பார்த்தேன். ஒன்றில் நெசவாளியும் மனைவியும் நிற்கிறார்கள். துரைகளின் ரசனைக்காகக் கைகட்டி வரைந்ததைக் கலை என்று சொல்லலாமா? ஒப்பிட்டுப் பார்க்க, சென்னிமலையில் நான் எடுத்த படம் ஒன்றை இணைத்திருக்கிறேன்.

க., பெருந்துறை

அன்புள்ள க.,

அரண்மனைக்கு வரைந்தவரும் கூலிக்குத்தான் வரைந்தார். சீமைக் காகிதத்தையும் நீர்வண்ணத்தையும் பழகிக்கொண்டு பிழைத்தவர்களைக் கைகட்டியவர்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. அதை விடுங்கள்.

கொஞ்ச நாளாக என்னை அரிப்பது வேறு. அந்த ஆல்பங்களில் ஆணும் பெண்ணும் தொழில் கருவியோடு ஜோடியாக நிற்பார்கள். கீழே சாதியோ தொழிலோ எழுதியிருக்கும். பெயர் இருக்காது. துரைக்கு ஒரு நெசவாளி வேண்டும், அவ்வளவுதான். எந்த நெசவாளியாக இருந்தால் என்ன?

அந்தக் காலமே அப்படி என்று சொல்லிவிடாதீர்கள். 1777 முதல் கல்கத்தாவில் தலைமை நீதிபதியின் மனைவி இம்பே சீமாட்டிக்குப் பறவைகள் வரைந்த ஷேக் ஜைனுத்தீன் தன் பெயரைப் பாரசீகத்தில் எழுதிவைத்தார். டெல்லிப் பக்கம் கம்பெனி அதிகாரி வில்லியம் பிரேசருக்காக 1815 முதல் 1819 வரை வரைந்த படங்களில் கிராமத்து ஆட்கள் பலர் பெயரோடு நிற்கிறார்கள். நம் வேலூர் ஓவியர் எல்லப்பா 1830களில் தன்னையே வரைந்துகொண்டார். கேட்டிருந்தால் பெயர் கிடைத்திருக்கும்.

என் அப்புச்சி, அம்மாவின் அப்பா, குழித்தறி நெய்தவர். நான் எட்டாவது படிக்கும்போது, போர்வை வாங்க வந்த வெள்ளைக்காரர் ஒருவர் அவரைப் படம் எடுத்தார். அப்புச்சி உள்ளே போய் வெள்ளைச் சட்டை போட்டு வந்தார். சட்டை வேண்டாம், கழற்றச் சொல்லுங்கள் என்றார்கள். கழற்றினார். மறுவருடம் ஒரு காலண்டரில் அந்தப் படம் வந்தது. கீழே இங்கிலீஷில் இருந்ததை நான்தான் எழுத்துக்கூட்டிச் சொன்னேன்: தென்னிந்திய நெசவாளி. அப்புச்சி கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். “எம்பேரு எங்க கண்ணு?” என்றார். அந்தக் காலண்டர் சுவருக்கு ஏறவில்லை. நூல் பெட்டிக்கு அடியில் விரித்துவிட்டார்.

இப்போது உங்கள் படத்துக்கு வருகிறேன். ராட்டையில் நூலைத் தாராகச் சுற்றும் அந்த அம்மாவின் கைநரம்பும், ஜன்னல் வெளிச்சமும் அருமையாக விழுந்திருக்கின்றன. எடுத்த கைக்கு நல்ல கண் இருக்கிறது. ஆனால் நீங்கள் அதற்குக் கொடுத்திருக்கும் பெயர் என்ன? ‘சென்னிமலை நெசவாளிப் பாட்டி.’ இருநூறு வருடத்துக்கு முந்தைய ஓவியரிடம் நியாயம் கேட்கிறீர்களே, பக்கத்து ஊர் அம்மாவிடம் பேர் கேட்க உங்களுக்கு என்ன கேடு? அவர் நம் பாஷைதானே பேசுகிறார்? ஒரு வாய் காப்பித்தண்ணியாவது கொடுத்திருப்பாரே!

கோபம்தான். படம் நன்றாக இல்லாவிட்டால் வந்திருக்காது.

பெரிய அளவில் ஒரு படி அச்சுப் போட்டு எடுத்துக்கொண்டு இந்த ஞாயிற்றுக்கிழமை போங்கள். அந்த அம்மா கையில் கொடுத்து, பேரைக் கேட்டு எனக்கு எழுதுங்கள். அவருக்குச் சம்மதம் என்றால், அந்தப் பெயரோடு படத்தை இங்கே வெளியிடுகிறேன்.