கடை விற்ற பணத்தில் போர்ஷே வாங்கலாமா?

கேள்வி: லண்டன் ஹாரோவில் 18 வருடம் நடத்திய மளிகைக் கடையை விற்றுவிட்டேன். வரி, கடன் எல்லாம் போக 4,20,000 பவுண்டு கையில் இருக்கிறது. வீட்டுக்கடன் 1,40,000 பாக்கி. வயது 52. ஒரு டீலரிடம் 2016 போர்ஷே 911 ஆர் இருக்கிறது. 3,20,000 பவுண்டு சொல்கிறார். "மொத்தமே 991 கார்தான் செய்தார்கள். விலை ஏறிக்கொண்டேதான் போகும், லாபத்துக்கு வரியும் இல்லை. ஷேரைவிட இது மேல்" என்கிறான் மச்சினன். வாங்கலாமா?

பதில்: மச்சினன் சொன்னதில் இரண்டு விஷயம் சரி. 991 கார்தான். பிரிட்டனில் பயணிகள் காரை விற்று வரும் லாபத்துக்கு மூலதன ஆதாய வரியும் கிடையாது. ஷேர் லாபம் என்றால் 18 அல்லது 24 சதவீதம் போகும். ஆனால் நஷ்டம் வந்தால் அதை வேறு லாபத்தில் கழித்துக்கொள்ளவும் முடியாது. அடிக்கடி வாங்கி விற்றால் வியாபாரம் என்று எடுத்துக்கொண்டு வருமான வரி கேட்பார்கள்.

விலை ஏறிக்கொண்டேதான் போகும் என்பதுதான் இடிக்கிறது. இதே காரின் கதையைக் கேளுங்கள்.

2016 மார்ச்சில் ஜெனீவா கண்காட்சியில் 911 ஆர் வந்தது. 4 லிட்டர் இன்ஜின், டர்போ கிடையாது, 500 குதிரைத்திறன், 1,370 கிலோ, பின்னால் இறக்கை இல்லை. முக்கியமாக, ஆறு கியர் மேனுவல். 911-இன் பந்தய பாணி ரகமான ஜிடி3-இல் அப்போது மேனுவலே கிடைக்காது. அதனால் வாங்குபவர்களுக்குப் பைத்தியம் பிடித்தது. இங்கே சுமார் 1,37,000 பவுண்டுக்கு விற்ற காருக்கு, டெலிவரி முடிவதற்குள்ளேயே பல மடங்கு கேட்டார்கள். பத்து லட்சம் டாலருக்கு மேல் விலை போட்டு விளம்பரம் செய்தவர்களும் உண்டு.

2017-இல் போர்ஷே என்ன செய்தது தெரியுமா? மார்ச்சில் புதிய ஜிடி3-இல் மேனுவல் கியரைத் திரும்பக் கொடுத்தது. செப்டம்பரில் இறக்கை இல்லாத ஜிடி3 டூரிங்கையும் இறக்கியது. அதே 4 லிட்டர், அதே 500 குதிரைத்திறன், சுமார் 1,12,000 பவுண்டு. எண்ணிக்கைக் கட்டுப்பாடும் இல்லை. 911 ஆர் விலை சரிந்தது. 2019-20 வாக்கில் அமெரிக்க ஏலங்களில் மூன்று லட்சம் டாலரை ஒட்டிப் போன கார்கள் உண்டு. உச்சத்தில் வாங்கியவரின் நிலையை யோசியுங்கள். காரில் ஒரு கீறல்கூட விழவில்லை, பணம் மட்டும் போய்விட்டது.

அப்புறம் கொரோனா காலத்தில் மறுபடி ஏறியது. 2021-இல் இங்கிலாந்து வங்கியின் வட்டி 0.1 சதவீதம், பணம் மலிவு, எல்லாரும் வாங்கினார்கள். 2023 ஆகஸ்டில் அது 5.25 ஆனதும் சூடு தணிந்தது. ஆக, இந்தக் கார் தங்கமும் இல்லை, நிலமும் இல்லை. வட்டி விகிதத்துக்கும் ஸ்டுட்கார்ட்டில் போர்ஷே எடுக்கும் முடிவுகளுக்கும் ஆடுகிற பொருள்.

இனி எப்படி? 2030-இல் பிரிட்டனில் புதிய பெட்ரோல் கார் விற்பனை நிற்கப்போகிறது, மேனுவல் கார்கள் அருமையாகிவிடும் என்பார்கள். நியாயமான வாதம்தான், நானும் ஓரளவு நம்புகிறேன். ஆனால் போர்ஷே கையைக் கட்டிக்கொண்டு இருக்கவில்லை. 2023-இல் 911 எஸ்/டி வந்தது: இறக்கை இல்லை, மேனுவல் மட்டும், 1,963 கார்கள். கிட்டத்தட்ட 911 ஆரின் தம்பி. 2024-இல் வந்த புதிய ஜிடி3-இலும் மேனுவல் உண்டு. "இதுதான் கடைசி" என்ற பேச்சை 2016-இலிருந்து கேட்கிறேன்.

சரி, உங்கள் கணக்குக்கு வருவோம். 3,20,000-ஐ வேறு இடத்தில் போட்டால் வரி போக 4 சதவீதம் கிடைக்கும் என்று வைத்துக்கொண்டால், ஐந்து வருடத்தில் 64,000. இன்ஷூரன்ஸ், ஈரமில்லாத கிடங்கு, சர்வீஸ், டயர் எல்லாம் வருடத்துக்கு 6,000 என்று குறைத்தே போட்டாலும் 30,000. விற்கும்போது டீலர் கமிஷன் 8 சதவீதம் என்றால், போட்ட விலையோடு இந்த இரண்டையும் சேர்த்து எடுக்கவே 4,50,000-க்கு விற்க வேண்டும். அதாவது 40 சதவீத ஏற்றம் வந்தால்தான் லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. அதுவும் ஓட்டாமல் வைத்திருந்தால்! மைல் ஏற ஏற விலை இறங்கும். எனக்குத் தெரிந்த ஒருவர் ஞாயிறுதோறும் போர்வையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மூடுவார். பேட்டரி செத்துப்போனதுகூட இரண்டு மாதம் கழித்துத்தான் தெரிந்தது.

அதனால் இந்த விலைக்கு வேண்டாம். கையிருப்பில் முக்கால் பங்கை, வீட்டுக்கடன் இருக்கும்போது, ஒரே சாவியில் மாட்டுவது 52 வயதில் சரிப்படாது. முதலில் கடனை அடையுங்கள். நிலையான வட்டித் திட்டம் என்றால் முன்கூட்டி அடைக்க அபராதம் உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். உங்களுக்கும் மனைவிக்கும் ஆளுக்கு 20,000 ஐஎஸ்ஏ என்ற வரியில்லாச் சேமிப்புக் கணக்கில் போடலாம், வருடாவருடம்.

அதன் பிறகும் ஆசை அடங்கவில்லை என்றால், அது தப்பே இல்லை, 18 வருடம் விடிகாலையில் கடை திறந்தவர் நீங்கள். பழைய ஜிடி3 டூரிங் பாருங்கள். இந்த விலையில் பாதிக்கும் கீழே கிடைக்கும், ஓட்டுகிற சுகத்தில் வித்தியாசம் கொஞ்சம்தான். பாதி விலை போனாலும் தூக்கம் கெடாது என்ற அளவுக்கு மட்டும் பணம் போடுங்கள். வேக எல்லை மீறி இன்ஜினைச் சுழற்றியிருந்தால், எவ்வளவு மீறியது என்று காரின் கணினி நிலைவாரியாகப் பதிவு செய்திருக்கும். வாங்குவதற்கு முன் அந்த அறிக்கையை அச்செடுத்துத் தரச் சொல்லிக் கேளுங்கள். கியர் மாற்றித் தவறாகப் போட்டிருந்தால் மேல் நிலைகளில் தெரிந்துவிடும். அந்தத் தாளைக் காட்டத் தயங்கும் டீலரிடம், கொடுத்த டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பி வந்துவிடுங்கள்.