முதன்முதலாகக் கனடா போகிறீர்களா? திருமலை அக்காவின் பதில்கள்

ஸ்காபரோவில் 11 வருடம் இருந்துவிட்டு உவர்மலைக்குத் திரும்பியிருக்கிறேன். வந்த கேள்விகளில் எனக்குத் தெரிந்தவற்றுக்குப் பதில் இதோ.

நிலாவெளித் தம்பி: ஜனவரியில் ரொறொன்ரோ போகிறேன். குளிர் ஜக்கெற்றைக் கொழும்பில் வாங்கவா?
வேண்டாம், அங்கே வாங்குங்கள். கூட்டிப்போக வருபவரை ஒன்று கொண்டுவரச் சொல்லுங்கள்.

கிண்ணியாவிலிருந்து: விசா எப்போது வரும்?
அது எனக்குத் தெரிந்த விஷயம் இல்லை. உரிமம் உள்ள ஆலோசகரிடம் கேளுங்கள்.

உப்புவெளித் தங்கச்சி: போனதும் எது புதிதாக இருக்கும்?
குளியலறை. பல வீடுகளில் அதன் தரையில் தண்ணீர் ஓட வழியே கிடையாது. கனடா போய்ச் சேர்ந்த முதல் கிழமையே நான் தொட்டிக்கு வெளியே நின்று, கன்னியா வெந்நீர்க் கிணற்றடியில் குளிக்கிற மாதிரி வாளியால் அள்ளி ஊற்றினேன். இரண்டாம் நாள் கீழ்வீட்டு அம்மா கதவைத் தட்டினார். அவர் வீட்டுக் கூரையில் தேத்தண்ணி நிறத்தில் ஒரு வட்டம், நடுவில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். தொட்டிக்குள் நின்று குளியுங்கள், திரையின் அடியும் உள்ளேயே விழவேண்டும்.

அப்புறம் வீதி. அங்கே வாகனங்கள் வலப்பக்கம் ஓடும். கடக்கும்போது முதலில் இடப்பக்கம் பாருங்கள். நம் கழுத்து பழக்கத்தில் வலப்பக்கம்தான் திரும்பும், கவனம்.

இன்னொன்று, வேலைக்கும் வரிக்கும் என்று அங்கே தரும் 9 இலக்கச் சின் (SIN) நம்பரைப் போனில் கேட்பவர்களுக்குச் சொல்லவேண்டாம்.

மூதூரிலிருந்து: மீன் பொரித்தால் புகை அலாரம் அடிக்குமாமே, பற்றரியைக் கழற்றலாமா?
கழற்றவே கூடாது. உயிர் காக்கிற சாமான் அது. ஜன்னலைத் திறந்துவிட்டுப் பொரியுங்கள்.

இன்னொரு தம்பி: ஜக்கெற் எங்கே வாங்குவது?
மேலே சொல்லிவிட்டேன்.

மொன்றியலில் இருக்கும் அண்ணை: இதெல்லாம் சின்ன விஷயம். குளிர்தானே பெரிய கஷ்டம்?
இல்லை அண்ணை, இருட்டுத்தான். குளிருக்கு உடுப்பு இருக்கிறது.

அதே அண்ணை: எனக்கு 20 வருட அனுபவம். இருட்டு யாரையும் ஒன்றும் செய்யாது.
உங்களைச் செய்யவில்லை, சந்தோசம். இங்கே வருடம் முழுக்க 6 மணியை ஒட்டித்தான் பொழுது படும். ரொறொன்ரோவில் டிசம்பரில் 4.40க்கே பட்டுவிடும். அந்த நேரம் திருமலையில் விடியப்புறம் 3.10. அம்மாவோடு கதைக்க மனம் துடிக்கும், எழுப்ப மனம் வராது. முதல் மாரியில் எத்தனையோ நாள் போனைக் கையில் வைத்துக்கொண்டு அழுதிருக்கிறேன். தம்பி தங்கச்சிமார், மத்தியானத்தில் வெளியே போய் வெயில் முகத்தில் படும்படி நடவுங்கள். வீட்டுக்குக் காலை 7 மணிக்கு எடுங்கள். இங்கே அப்போது பின்னேரம் 5.30, அம்மா முழித்திருப்பார்.