கப்பல் யாருடையது?

கேள்வி: 1528-இல் நேப்பிள்ஸ் முற்றுகையில் பிரெஞ்சு மன்னருக்காக நின்றவை இத்தாலியத் துறைமுக நகரமான ஜெனோவாவைச் சேர்ந்த ஆண்ட்ரியா டோரியாவின் கப்பல்கள். சில வாரங்களிலேயே எதிரியான பேரரசர் ஐந்தாம் சார்லஸிடம் அவர் போய்ச் சேர்ந்துவிட்டாராம். துரோகம் இல்லையா இது? சார்லஸ் எப்படி நம்பினார்?
- ஒரு வாசகர், சேலம்

பதில்: கல்லூரியில் படிக்கும்போது நானும் அவரை 'கட்சி மாறி' என்றுதான் நினைத்தேன். அப்புறம் வரவு செலவைப் பார்த்ததும் அந்த வார்த்தையை வாபஸ் வாங்கிக்கொண்டேன். துடுப்புக் கப்பல்கள் டோரியாவின் சொந்தச் சொத்து. சொந்த லாரியைக் கம்பெனிக்கு ஒப்பந்தத்தில் ஓட்டுகிற மாதிரி, கெடு வைத்து மன்னர்களுக்கு வாடகைக்கு விடுவார். பிரான்ஸோடு இருந்த கெடு ஜூன் கடைசியில் முடிந்தது.

மனக்கசப்பு அதற்கு முன்பே முற்றியிருந்தது. மன்னர் பிரான்சிஸ் கூலியை இழுத்தடித்தார். சவோனா துறைமுகத்தை ஜெனோவாவுக்குப் போட்டியாக வளர்த்தார். ஏப்ரலில் உறவினர் பிலிப்பீனோ டோரியா, சார்லஸின் ஸ்பானியக் கப்பற்படையை முறியடித்து, தெல் வாஸ்தோ பிரபுவைச் சிறைபிடித்தார். பெரிய இடத்துக் கைதி என்றால் அந்தக் காலத்தில் பெரிய மீட்புப் பணம். அவரை என்னிடம் அனுப்பு என்றார் பிரான்சிஸ். டோரியா அனுப்பவில்லை. எனக்குப் பிடித்த இடம் இனிமேல்தான்: அந்தக் கைதியே தரகராகி, தன் பேரரசரோடு டோரியாவுக்குப் பேரம் பேசி முடித்தார்!

ஜூலையில், சார்லஸின் கையிலிருந்த நேப்பிள்ஸைக் கடல் பக்கம் மறித்து நின்ற பிலிப்பீனோ கிளம்பிப் போனார். கடல் வழி திறந்தது, ஊருக்குள் சாப்பாடு வந்து சேர்ந்தது. வெளியே பிரெஞ்சுப் பாசறையில் கொள்ளைநோய். தளபதி லோத்ரெக்கும் ஆகஸ்டில் இறந்துபோனார். முற்றுகை குலைந்தது.

அதே ஆகஸ்டில் புது ஒப்பந்தம்: 12 கப்பல், வருடத்துக்கு 60,000 டுகாட் என்ற தங்கக் காசு. கப்பலுக்கு 5,000. ஆள், சோறு, ரிப்பேர் எல்லாம் டோரியா பாடு. பணத்தோடு ஜெனோவாவின் சுதந்திரத்தையும் கேட்டு வாங்கினார். செப்டம்பரில் பிரெஞ்சுக்காரர்களை ஊரைவிட்டே துரத்தினார். அப்போது அவருக்கு வயது 61. அதற்குப் பிறகும் 1560 வரை வாழ்ந்தார், மனுஷன்!

சரி, நம்பிக்கை? ஸ்பெயினையும் இத்தாலியையும் இணைக்கும் கடல்வழி சார்லஸுக்கு உயிர்நாடி. அந்த வழியில் ஜெனோவா இல்லாமல் ஆகாது. டோரியாவுக்கோ ஊரைக் காக்க ஒரு பெரிய கை வேண்டும். இருவருக்கும் வேறு போக்கிடம் இல்லை. மறு வருடம், 1529-இல், சார்லஸ் பார்சிலோனாவில் டோரியாவின் கப்பலிலேயே ஏறி ஜெனோவாவில் வந்து இறங்கினார்.